ஒரே முறை பாயும் பொறி: ஆண்டித்ராம்பின்

1965-இல் நார்வே மருத்துவர் ஓலாவ் எகெபெர்க், சிரைகளில் குருதிக்கட்டி உருவாகும் கோளாறு தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, அவர்களிடம் ஆண்டித்ராம்பின் என்னும் புரதம் வழக்கமான அளவில் ஏறக்குறையப் பாதியே இருப்பதைக் கண்டார். பாதி குறைந்தாலே இவ்வளவு கேடு என்றால், அப்புரதம் செய்யும் வேலை எத்தகையது?

காயத்தில் குருதியை உறையச் செய்வது த்ராம்பின் என்னும் நொதி. அது காயத்தைத் தாண்டிப் பரவாமல் தடுப்பது, கல்லீரலில் உருவாகும் 432 அமினோ அமிலங்கள் கொண்ட ஆண்டித்ராம்பின். இதன் உடலிலிருந்து ஒரு வளையம் தூண்டில் இரைபோல வெளியே நீண்டிருக்கிறது. அதிலுள்ள 393-ஆம் அமினோ அமிலமான அர்ஜினினை அடுத்த பிணைப்பைத் த்ராம்பின் வெட்டத் தொடங்கி, இரண்டும் வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும் கணத்திலேயே, அறுபட்ட வளையம் ஆண்டித்ராம்பினின் நடுவே தகடுபோல் அமைந்த பகுதிக்குள் செருகிக்கொண்டு, த்ராம்பினை மறுமுனைக்கு இழுத்துச் சென்று அதன் வெட்டும் பகுதியை உருக்குலைத்துவிடுகிறது. எலிப்பொறி போன்றதுதான், ஆனால் பாய்ந்த பொறியை மீண்டும் பூட்ட முடியாது. ஒரு மூலக்கூறு ஒரே ஒரு நொதியைப் பிடித்து, அதனுடனேயே அழிகிறது.

தனியே விட்டால் இந்த வேலை மெதுவாகவே நடக்கும். குருதி உறையாமல் தடுக்கும், சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலியான ஹெப்பாரின் சேர்ந்தால் வேகம் ஆயிரம் மடங்கு அளவுக்கு உயர்கிறது. ஹெப்பாரினின் ஐந்து சர்க்கரை அலகுகள் கொண்ட துண்டு ஒன்று ஆண்டித்ராம்பினைப் பற்றி வளையத்தை ஆயத்தப்படுத்துகிறது. குருதி உறைதலில் பங்குள்ள இன்னொரு நொதியான, செயலூக்கம் பெற்ற பத்தாம் காரணியைத் தடுக்க அதுவே போதும். த்ராம்பினைத் தடுக்கவோ, இரு புரதங்களையும் ஒருசேரத் தாங்கும் அளவுக்கு, ஏறத்தாழ 18 அலகுகள் நீண்ட சங்கிலி வேண்டும். வேலை முடிந்ததும் ஹெப்பாரின் கழன்று அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகிறது.

முன்பு கொடையாகப் பெற்ற பிளாஸ்மாவிலிருந்தே (குருதியின் நீர்ப்பகுதி) இப்புரதம் பிரிக்கப்பட்டது. பின்னர் மனித மரபணுவைப் பெற்ற ஆடுகளின் பாலிலிருந்து எடுக்கப்பட்ட ஆண்டித்ராம்பின், ஐரோப்பாவில் 2006-இலும் அமெரிக்காவில் 2009-இலும் மருந்தாக அனுமதி பெற்றது. ஆய்வகத் தேவைக்கு அதே மரபணுவைப் பாலூட்டிகளின் உயிரணுக்களில் செலுத்தி வளர்க்கலாம். எந்த உயிரணு என்பது சிறிய விவரம் அன்று; புரதத்தில் ஒட்டும் சர்க்கரைக் கிளைகள் அதைப் பொறுத்து மாறும். பிளாஸ்மாவில் பெரும்பான்மையாக உள்ள வடிவத்தில் நான்கு சர்க்கரைக் கிளைகள் உண்டு. 135-ஆம் இடத்துக் கிளை இல்லாத வடிவமோ ஹெப்பாரினை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது. ஆகவே சர்க்கரைக் கிளைகளைக் கவனிக்காமல் ஹெப்பாரின் பிணைப்பை அளப்பவர் பிழையான முடிவுக்கு வரக்கூடும்.

தயாரித்த புரதம் வேலை செய்கிறதா என்பதை நிறமே காட்டிவிடும். த்ராம்பின் வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் சேர்மத்தைக் கலவையில் இடுகிறார்கள். ஆண்டித்ராம்பின் மிகுந்த குழாயில் மஞ்சள் வெளிறியே நிற்கிறது.