ப்ரவுன் அடிப்போசைட்: தமிழ்ல எப்படி சொல்றது?

லத்தீன்ல அடெப்ஸ்னா கொழுப்பு, கிரேக்கத்துல கைட்டோஸ்னா உள்ள வெறுமையா இருக்கிற பாத்திரம், ரெண்டையும் சேத்ததுதான் அடிப்போசைட், அதாவது கொழுப்பு செல். வெள்ளைக் கொழுப்பு செல்லுக்கு இந்தப் பேரு கச்சிதம், ஒரே பெரிய துளியா கொழுப்ப வாங்கி வச்சுக்கும். ப்ரவுன் செல் அதே கொழுப்ப எரிச்சு உடம்ப சூடாக்குது. உள்ள குட்டி குட்டித் துளிங்க, செல்லுக்கு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா ஏகப்பட்டது, அதுல இருக்கிற இரும்பாலதான் அந்தப் பழுப்பு கலர். அங்க இருக்கிற யூசிபி1ங்கிற புரதம் புரோட்டான்கள கசிய விட்டுடும், ஏடிபியா, அதாவது செல் செலவழிக்கிற சக்தி மூலக்கூறா மாற வேண்டிய சக்தி சூடா போயிடும். பொறந்த குழந்தைங்களுக்கு இது நிறைய உண்டு, பெரியவங்களுக்கும் கழுத்துலயும் காறை எலும்புக்கு மேலயும் வேலை செய்யுதுன்னு 2009ல ஸ்கேன் வச்சு உறுதியா காட்டினாங்க.

இத லேப்ல "வளர்க்கிறாங்க"ன்னு எழுதுறப்ப கொஞ்சம் கவனம் வேணும். முழுசா வளந்த கொழுப்பு செல் பிரிஞ்சு பெருகாது, கொழுப்பு நெறஞ்சதால திரவத்துல மேல மிதக்கும். கழுத்து ஆபரேஷன்ல கிடைக்கிற திசுவ என்சைம் போட்டு கரைச்சு, அடியில தங்குற ப்ரீஅடிப்போசைட்டத்தான் (கொழுப்பு செல்லா மாறப்போற முன்னோடி செல்) எடுத்து பெருக்குறாங்க, அப்புறம் இன்சுலின், டெக்ஸாமெத்தசோன், தைராய்டு ஹார்மோன் எல்லாம் கலந்த மீடியத்துல ரெண்டு மூணு வாரம் வச்சா அது கொழுப்பு செல்லா மாறும். சில தலைமுறை பிரிஞ்சதும் இந்த முன்னோடி செல்லுங்க சோர்ந்து நின்னுடும், அதனால பாஸ்டன் ஜோஸ்லின் மையத்துல யூ-ஹுவா செங் குழு குரோமோசோம் நுனி தேயாம காக்கிற டெலோமரேஸ் ஜீன செலுத்தி நீண்ட நாள் பெருகுற செல் வரிசைகள உருவாக்கி 2015ல வெளியிட்டாங்க, இந்தத் துறைக்கு அது பெரிய உதவி. கொழுப்ப சிவப்பா காட்டுற ஆயில் ரெட் சாயம் ஏறிடுச்சுன்னா அது கொழுப்பு செல்லுன்னுதான் அர்த்தம், ப்ரவுனான்னு சொல்ல யூசிபி1 இருக்கணும், இந்த செல்லத் தூண்டுற நார்எபிநெஃப்ரின் ஹார்மோன் குடுத்தா ஆக்ஸிஜன் செலவு கூடுதான்னும் அளந்து பாக்கணும்.

இனி தமிழ்ப் பேரு. கொழுப்பணுன்னு சிலர் எழுதுறாங்க, அணுன்னா ஆட்டம்னும் அர்த்தம் இருக்கிறதால எனக்கு அது சரியா படல. இலங்கைப் பாடநூல்கள்ல செல்லுக்கு கலம்னுதான் போடுவாங்க, கலம்னா பாத்திரம், கைட்டோஸுக்கும் அதே பொருள். அதனால பழுப்புக் கொழுப்புக்கலம்தான் என் தேர்வு, ப்ரீஅடிப்போசைட்டுக்கு கொழுப்புக்கல முன்னோடி. செல்னே பழகினவங்க பழுப்புக் கொழுப்பு செல்னு எழுதலாம், தப்பில்ல. ஆனா வெள்ளைக் கொழுப்புக்கு நடுவுல குளிர் பட்டா தோணுற பீஜ் செல்லுக்கும் இதே பேர வச்சுடாதீங்க, அது வேற வகை, அதுக்கு இளம்பழுப்புக் கொழுப்புக்கலம்னு தனியா எழுதுங்க.