சார்பா, பாகுபாடா, மனக்கோட்டமா?

‘மருத்துவத்தில் இளம்பெண்கள் மீதான சார்பைக் களைவோம்’ என்று இன்னொரு கையேடு வந்திருக்கிறது. ‘பெண்கள் சார்பாக’ என்றால் தமிழில் பெண்களுக்காக என்று பொருள். அதை எதற்குக் களைய வேண்டும்? ‘பயஸ்’ (bias) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும்.

‘பயஸ்’ பிரெஞ்சுவழி வந்த சொல், அடிப்பொருள் சாய்வு. உருட்டுப் பந்தாட்டத்தில் நேரே ஓடாமல் ஒரு பக்கம் வளையும் பந்தின் குணத்துக்கும் அதே பெயர்.

‘சார்பு’ பிடிக்காதவர்கள் ‘பாகுபாடு’ என்கிறார்கள். அதுவும் தவறு. பகுத்து, வேறாக நடத்தும் செயல் பாகுபாடு. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977-இல் வழிகாட்டுதல் வெளியிட்டதே, அது பாகுபாடு. எழுத்தில் இருந்தது, 1993-இல் எழுத்திலேயே நீக்கினார்கள்.

மாதவிடாய் வலியில் சுருண்டு வரும் 19 வயதுப் பெண்ணிடம், ‘இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா’ என்று சொல்லி, வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் எந்த விதிப்படி நடக்கிறார்? கெட்ட எண்ணமும் அவருக்கு இருக்காது. தன் கணிப்பு சாய்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய்) உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். அந்த மருத்துவரிடம் போய் ‘பாகுபாடு காட்டுகிறீர்கள்’ என்றால், ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘பாரபட்சம்’ இன்னும் மோசம்; வேண்டியவர், வேண்டாதவர் என்று தெரிந்தே செய்வது அது.

நடுவுநிலைமையைச் சொல்லும்போது வள்ளுவர் ‘ஒருபால் கோடாமை’ என்கிறார். அடுத்த குறளிலேயே ‘உட்கோட்டம்’ என்கிறார். கோடுதல் என்றால் வளைதல்; உட்கோட்டம் உள்ளத்தின் வளைவு. ‘பயஸ்’ஸின் அடிப்பொருளும் இதுதானே! ‘உட்கோட்டம்’ என்றே எழுதினால் காவல்துறை உட்கோட்டத்தோடு குழம்பும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு நன்னூலில் விடை இருக்கிறது: மரத்தின் கோணலைத் தச்சர் நூல் தீர்ப்பதுபோல் ‘மாந்தர் மனக்கோட்டம்’ தீர்ப்பது நூல். கைக்கெட்டும் இடத்தில் மனக்கோட்டம் இருக்க, ‘உள்ளார்ந்த மறைமுகச் சார்புநிலை’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் எந்த வாசகரை நினைத்து எழுதுகிறார்கள்?

கோட்டம் என்றால் மருத்துவர் தன்னையே சோதித்துக்கொள்ள இடமிருக்கிறது. இதே அளவு வயிற்றுவலியோடு 40 வயது ஆண் வந்திருந்தால் ஸ்கேன் எழுதியிருப்பேனா என்று அவர் கேட்டுக்கொள்ளலாம்.