வாயில் போடும் ஊசி

"ஆறாவது வாரத்தில் ரோட்டா தடுப்பூசியை வாய்வழியாகச் செலுத்த வேண்டும்."

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், தெரிந்தவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் இப்படி இருந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் ஆங்கிலப் பக்கத்தைப் படித்துக்கொள்வார்கள். தமிழ்ப் பக்கம் ஆயாவுக்கு. ஆயா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன்யா, பச்சப் புள்ளைக்கு வாய்க்குள்ளயா ஊசி குத்துவாங்க?"

'வாய்வழித் தடுப்பூசி' என்ற தொடரை எத்தனையோ முறை பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். கொரோனா காலத்தில் 'மூக்குவழித் தடுப்பூசி'யும் வந்து சேர்ந்தது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோட்டா என்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒரு வைரஸ். ரோட்டா என்றால் லத்தீனில் சக்கரம். 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவரோடு வேலை செய்தவர்களும், வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளின் குடல் திசுவில் இந்த வைரஸைக் கண்டார்கள். நுண்ணோக்கியில் ஆரக்கால் வைத்த சக்கரம் போலத் தெரிந்ததால் அடுத்த ஆண்டே இந்தப் பெயர் வந்தது. இதைச் 'சக்கர நச்சுயிரி' ஆக்க யாரும் மெனக்கெட வேண்டாம், ரோட்டாவே போதும். வாக்சின் என்ற சொல்லில் இருப்பது பசு, லத்தீனில் வாக்கா. 1796இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்துக் குத்தியதிலிருந்து வந்தது. நம்மவர்களும் அப்போது 'அம்மை குத்துதல்' என்றார்கள். பிறகு தடுப்பும் ஊசியும் சேர்ந்து தடுப்பூசி ஆயிற்று.

குத்துகிற மருந்துக்கு அது அருமையான சொல். குத்தாத மருந்துக்கு?

நண்பர் ஒருவர் இதற்காக என்னோடு மல்லுக்கு நிற்பார். "எள்ளின் நெய்தானே எண்ணெய்? தேங்காய் எண்ணெய் என்கிறாய், மண்ணெண்ணெய் என்கிறாய், அதில் எள் எங்கே? தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர், நீ சுடுதண்ணீரில் குளிக்கவில்லையா? வாக்சினில் மட்டும் பசு இருக்கிறதா? சொல்லின் பொருள் விரியும், விடு."

சரி, விரியும். ஆனால் எண்ணெய் என்றதும் யாருக்கும் எள் நினைவுக்கு வருவதில்லை. அது உள்ளே கரைந்துபோய்விட்டது. தடுப்பூசியில் ஊசி இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தாயும் இன்று எத்தனை ஊசி என்று எண்ணிக்கொண்டுதான் போகிறாள். தென்னாப்பிரிக்க அட்டவணையில் 6ஆம் வாரத்தில் உண்மையான ஊசிகளும் உண்டு, ரோட்டாவும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எதைக் குத்துவது, எதை விழுங்க வைப்பது?

ரோட்டா விஷயத்தில் விழுங்குவதுதான் முக்கியம். வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ் அது. குடலுக்குப் போய், அங்கே பெருகி, குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்க வேண்டும். அமெரிக்காவில் இதைத் தவறுதலாக ஊசியில் ஏற்றிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. படித்த செவிலியருக்கே கை தவறுகிறது என்றால், துண்டுத்தாள் எழுதுகிறவர் 'செலுத்த' என்று வேறு எழுதி ஏன் குழப்ப வேண்டும்? (அந்த மருந்து வரும் குழாய் பார்வைக்கு ஊசி இல்லாத சிரிஞ்சு மாதிரியே இருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

இத்தனைக்கும் சொல் புதிதாகத் தேட வேண்டியதே இல்லை. போலியோவுக்கு வாயில் விடுவதைச் 'சொட்டு மருந்து' என்று ஊரே சொல்கிறது. ரோட்டாவும் அதே ஜாதி. கண்ணுக்கு விடுவதும் சொட்டு மருந்துதானே, ரோட்டாரிக்ஸ் என்ற ரோட்டா மருந்து 1.5 மில்லி இருக்கிறதே, அது எத்தனை சொட்டு என்றெல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும். ஆயாவிடம் "போலியோ மாதிரி சொட்டு மருந்து" என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை. வாக்சின் என்ற பொதுப்பெயருக்குத் 'தடுப்பு மருந்து'. அதில் குத்துவது தடுப்பூசி, வாயில் விடுவது சொட்டு மருந்து.

அதே தாளில் இன்னொரு கூத்து, 'வயிற்றுக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி'. ஆங்கிலத்தில் பேச்சுவழக்காக 'ஸ்டமக் ஃப்ளூ' என்று சொன்னதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். உண்மையான ஃப்ளூ காய்ச்சலான இன்ஃப்ளுயன்ஸாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது வாந்தியும் பேதியும். அதிலும் இந்த மருந்து தடுப்பது ரோட்டாவை மட்டும். 1968இல் ஒஹையோவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவி, அந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்ட நோரோ வைரஸை இது தடுக்காது. மருந்து கொடுத்த பிறகும் பிள்ளைக்கு வாந்தி வந்தால் "உங்க ஊசி பொய்" என்று ஆயா சொல்வார், பழி மருந்தின்மேல் விழும்.

ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக 2009இல் ரோட்டாவைத் தேசிய அட்டவணையில் சேர்த்த நாடு தென்னாப்பிரிக்கா. அதைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தவர் அகராதியைத் திறந்ததற்குப் பதில் பக்கத்து வீட்டு ஆயாவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

அந்த வீட்டுத் தாளில் நான் பேனாவால் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: "ரோட்டா சொட்டு மருந்து. 6ஆம் வாரம், 14ஆம் வாரம். வாயில் விடுவார்கள்."