கையெழுத்து: சிலுவையில் ஆணியடிக்கப்பட்ட கடன்சீட்டு

சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது யார் என்றால் எல்லாருக்கும் விடை தெரியும். எது என்று கேட்டால் கொலோசெ ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் கொலோசெயர் 2:14-ஐத்தான் திறக்க வேண்டும். "நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" என்கிறது 1871-இல் வெளிவந்த பழைய தமிழ் வேதாகமம். இன்றைய காதுக்குக் கையெழுத்து என்றால் ஒன்று ஒப்பம், இல்லாவிட்டால் ஒருவர் எழுத்தின் சாயல். இரண்டையும் சிலுவையில் அடிக்க முடியாது. பிரசங்கத்தில் இந்த வசனம் வரும்போது ஏற்படும் குழப்பங்களில் பாதி இங்கிருந்தே தொடங்குகிறது.

மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கெய்ரோகிராஃபொன். கெய்ர் என்றால் கை, கிராஃபோ என்றால் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் உறுப்புக்கு உறுப்பு தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். சொல்லமைப்பில் குறையே இல்லை. ஆனால் கிரேக்கத்தில் அது வணிகச் சொல்லாக மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. கடன் வாங்கியவர் தம் கையால் எழுதிக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கும் பத்திரத்துக்கு அதுவே பெயர். புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. கத்தோலிக்கத் திருமறையில் உள்ள தோபித்து நூலின் கிரேக்கப் பாடத்திலும் உண்டு: மேதியாவில் ஒருவரிடம் ஒப்படைத்த 10 தாலந்து வெள்ளிக்கு அத்தாட்சியாக எழுதிய பத்திரம் அது. அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டதாக அந்நூலின் நீண்ட பாடம் சொல்கிறது.

எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளில் இத்தகைய பத்திரங்கள் ஏராளம். ஆகவே அதன் அமைப்பைத் துல்லியமாகச் சொல்லலாம். கடிதம் போலத் தொடங்கும்: இன்னார் இன்னாருக்கு, வாழ்த்துகள். அடுத்த சொல் பெரும்பாலும் ஹொமொலொகோ, அதாவது 'ஒப்புக்கொள்கிறேன்'. பிறகு வாங்கிய தொகை, வட்டி, தவணை. ரோம ஆட்சிக்கால எகிப்தில் வழக்கமான வட்டி மாதம் 100-க்கு 1, ஆண்டுக்கு 12 விழுக்காடு. தவணை தவறினால் அசலில் பாதியைக் கூட்டிக் கட்ட வேண்டும் என்ற தண்டப் பிரிவும் பல பத்திரங்களில் இருக்கும். எழுதத் தெரியாதவருக்காக இன்னொருவர் எழுதினால், 'இவருக்கு எழுத்து தெரியாததால் நான் எழுதினேன்' என்று கடைசியில் குறிப்பார்.

இவ்வளவும் நம் ஊர்ப் புரோநோட்டில் இருப்பதுதான். நம் நோட்டில் இல்லாத ஒரு பிரிவுதான் இந்த வசனத்துக்குத் திறவுகோல். பணம் திரும்பாவிட்டால் கடன் வாங்கியவரின் ஆள்மீதும் உடைமைமீதும் 'தீர்ப்புப் பெற்றது போலவே' வசூல் நடத்த உரிமை உண்டு என்று எழுதியிருப்பார்கள். நம் நாட்டில் நோட்டை வைத்து வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வாங்க வேண்டும், அதன் பிறகே ஜப்தி. அந்தப் பத்திரத்திலோ தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டு, குற்றவாளியின் கையாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுக் கிடக்கிறது. பவுல் குற்றப்பத்திரிகை என்றோ தண்டனைத் தீர்ப்பு என்றோ எழுதாமல் இந்தச் சொல்லைத் தேர்ந்ததன் கனம் இதில் இருக்கிறது. மனிதர்மேல் வரவேண்டிய நியாயத்தீர்ப்பு வெளியிலிருந்து சுமத்தப்பட்டதல்ல, அவர்களே எழுதிக்கொடுத்தது.

எப்போது எழுதிக்கொடுத்தார்கள்? பழங்காலத் திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தம் தம் கொலோசெயர் உரையில் யாத்திராகமம் 24-ஐக் காட்டுகிறார். கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்று சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் ஒருமித்துச் சொன்ன வாக்கே அந்தப் பத்திரம் என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று. கொலோசெ சபையில் பெரும்பாலோர் யூதரல்லாதவர்களாயிற்றே என்ற கேள்வி எழும். அதனால் வேறு சிலர் இதை மனிதரின் செயல்களைத் தூதர்கள் குறித்துவைக்கும் விண்ணுலக ஏடாகக் கொள்கிறார்கள். செப்பனியாவின் பெயரால் வழங்கும் பழைய யூத வெளிப்பாட்டு நூலின் கோப்திய வடிவில் அந்த ஏட்டுக்கு இதே சொல்தான் இருக்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் பத்திரம் 'நமக்கு எதிரிடையாக' நிற்பது மாறாது. முதல் விளக்கம் சொல்லின் வணிகப் பொருளுக்கு நெருக்கமானது என்பதால் அதுவே வலுவாகத் தோன்றுகிறது.

தள்ளவேண்டிய விளக்கம் ஒன்று உண்டு. பத்துக் கட்டளைகளே சிலுவையில் ஆணியடிக்கப்பட்டு ரத்தாயின என்று சிலர் போதிக்கிறார்கள். கெய்ரோகிராஃபொன் கடன்பட்டவர் எழுதுவது. கட்டளைப் பலகைகளோ தேவனுடைய விரலினால் எழுதப்பட்டவை என்கிறது யாத்திராகமம் 31:18. எழுதிய கை வேறு, ஆகவே ஆவணமும் வேறு. வசனத்தில் 'கட்டளைகளால்' என்று வருவது பத்திரத்துக்கு வலுவூட்டும் சட்ட அடிப்படையைத்தான் குறிக்கிறது. கடன் ரத்தானால் கடன் சட்டம் ரத்தாகிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்னொரு பக்கம், கையெழுத்து என்றதும் தலையெழுத்தை நினைத்துக்கொண்டு விதியை மாற்றும் வசனமாக இதைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிலேமோன் நிருபத்தைக் காட்டினால் போதும்.

அந்தச் சிறிய நிருபத்தின் 18, 19-ஆம் வசனங்களில் பவுலே ஒரு கையெழுத்து எழுதிக்கொடுக்கிறார். பிலேமோனின் அடிமை ஒநேசிமு பட்ட கடனை என் கணக்கில் வையும், இதை என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று பொறுப்பேற்கிறார். சொல் இல்லையே தவிர, பொருள் முழுக்க அதுதான். அந்த ஒநேசிமு கொலோசெ ஊரான் என்பதைக் கொலோசெயர் 4:9 சொல்கிறது. ஆக அந்த ஊர்ச் சபைக்குக் கடன்பத்திரம் என்பது வெறும் உவமையாக இருந்திருக்காது.

இனி 'குலைத்து'. மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள் துடைத்து அழித்தல். அக்கால மை விளக்குக்கரியும் பிசினும் தண்ணீரும் கலந்தது. பாப்பிரஸின் மேற்பரப்பில் உட்காருமே தவிர உள்ளே ஊறிக் கடிக்காது. ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்து போய்விடும், தாளை மறுபடி பயன்படுத்தலாம். எண்ணாகமம் 5:23-இல் ஆசாரியன் எழுதிய சாபவார்த்தைகளைக் கசப்பான தண்ணீரில் கழுவுவதற்கும் கிரேக்கப் பழைய ஏற்பாடு இதே வினையைத்தான் போடுகிறது. புதிய ஏற்பாட்டில் 5 இடங்களில் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 7:17, 21:4 இரண்டிலும் தேவன் கண்ணீரைத் துடைப்பதற்கு இதுவே வினை. தமிழில் கண்ணீருக்குத் துடைத்தலும் கையெழுத்துக்குக் குலைத்தலும் வந்திருப்பதால் இந்த உறவு வாசகருக்குத் தெரிவதில்லை. குலைத்தல் என்பது கட்டுக் குலைத்தல், படை குலைத்தல் போன்ற பொருளில் வல்லமையான சொல்தான். மையைத் துடைக்கும் காட்சி மட்டும் அதில் விழவில்லை.

கடன் தீர்ந்தால் பத்திரத்தைத் துடைப்பதுதான் வழக்கமா? இல்லை. குறுக்கே பெருக்கல் குறியாகப் பெரிய கோடுகள் இழுத்துச் செல்லாததாக்குவதே பரவலான முறை. அப்படிக் கோடிட்ட ஏடுகள் பல கிடைத்துள்ளன. கி.பி. 85-இல் எகிப்தின் ஆளுநர் செப்திமியுஸ் வெகெத்துஸ் நடத்திய விசாரணைக் குறிப்பு ஒன்று புளோரன்சின் பாப்பிரஸ் தொகுப்பில் இருக்கிறது. அதில் கடன்பத்திரத்தைக் கோடிட்டு அடிக்கும்படி அவர் உத்தரவிடுகிறார். 'நீ சாட்டையடிக்குத் தகுதியானவன், ஆனாலும் மக்கள்கூட்டத்துக்காக உன்னை விடுகிறேன்' என்று எதிராளியிடம் சொல்வதும் அதே குறிப்பில்தான். இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்துவின் முற்றம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே கூட்டத்துக்காக விடப்பட்டவன் பரபாஸ்.

ஆணியடித்துக் கடனை ரத்துசெய்யும் வழக்கம் ரோமரிடம் இருந்ததாகப் பிரசங்கங்களில் சொல்வார்கள். கிடைத்துள்ள பத்திரங்கள் காட்டுவது கோடிடுவதைத்தான். ஆணிக்கு விளக்கம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சிலுவையின் உச்சியில் குற்றம் எழுதிய பலகை மாட்டப்பட்டிருந்தது. எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் எழுதியிருந்ததாக யோவான் 19:20 சொல்கிறது. தண்டனைக்கான காரணம் எழுதப்படும் இடம் அது. அந்த மரத்தில் நம் பத்திரம் அடிக்கப்பட்டது என்றால், அவர் செத்தது எந்தக் கணக்கில் என்பது தெளிவாகிவிடுகிறது. கடன் மறக்கப்படவில்லை. பத்திரத்தில் எழுதியிருந்த 'தீர்ப்புப் பெற்றது போலவே' என்ற பிரிவு அங்கே நிறைவேற்றப்பட்டது.

இதே இடத்தில் இன்னொரு பிரபலமான கூற்றையும் நிறுத்தி வைப்பது நல்லது. இயேசு சிலுவையில் சொன்ன 'தெதெலெஸ்தாய்' (முடிந்தது, யோவான் 19:30) என்பது ரசீதுகளில் 'முழுதும் செலுத்தப்பட்டது' என்று எழுதும் சொல் என்பார்கள். எகிப்தியச் சுங்கச்சாவடி ரசீதுகளில் 'தெதெல்' என்ற சுருக்கெழுத்து இருப்பது உண்மை. ஆனால் முழுமையாக எழுதிய ரசீதுகளில் அது 'தெதெலோனேதாய்', சுங்கம் கட்டியாயிற்று என்று பொருள். அது வேறு வினை. கடன் தீர்ந்ததைச் சொல்லக் கொலோசெயர் 2:14 இருக்கும்போது யோவானின் சொல்லை வளைக்கத் தேவையில்லை.

14-ஆம் வசனத்தில் கணக்குப்பிள்ளையின் மேசை. 15-இல் திடீரென்று ரோம வீதி. "துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, அவைகளின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார்." பத்திரம் யார் கையில் இருந்தது என்று யோசித்தால் தாவல் விளங்கும். சகரியா 3:1-இல் சாத்தான் நிற்பது வழக்காடுகிறவனுடைய இடத்தில். வெளிப்படுத்தின விசேஷம் 12:10 அவனைச் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்கிறது. பத்திரம் அழிந்தபின் அவன் கையில் ஆதாரம் இல்லை. அதனால்தான் கடன் ரத்தும் வெற்றியும் ஒரே நிகழ்வாகின்றன. யோவான் 12:31 இதையே வேறு விதமாகச் சொல்கிறது: இப்பொழுதே உலகத்துக்கு நியாயத்தீர்ப்பு, இப்பொழுதே உலகத்தின் அதிபதி புறம்பாகத் தள்ளப்படுவான். வழக்கில் தோற்றவன் மனிதன் அல்லன், குற்றஞ்சாட்டியவன்.

'கோலமாக்கி' என்பதில் வாசல் கோலத்துக்கு இடமில்லை. அம்பலத்தில் நிறுத்தி மானத்தை வாங்குதல் என்பது பொருள். மரியாளை அவமானப்படுத்த யோசேப்புக்கு மனதில்லை என்று மத்தேயு 1:19-இல் வருவதும் இதே வேரைச் சேர்ந்த வினைதான். 'உரிந்துகொண்டு' வேறு சங்கதி. மூலத்தில் அது தன்வினைச் சாயலுள்ள வடிவம். படைக்கலங்களைப் பறித்தார் என்றும், பகைவரைத் தம்மீதிருந்து கழற்றி எறிந்தார் என்றும் இரு வகையாகக் கொள்கிறார்கள். பழைய தமிழ் அந்த இரட்டைத்தன்மையைக் கெடுக்காமல் காப்பாற்றியிருக்கிறது. நான்கு போர்ச்சேவகர் உடையை உரிந்து பங்கிட்டுக்கொண்ட இடத்தில், உண்மையில் உரியப்பட்டவர்கள் யார் என்று பவுல் திருப்பிப் போடுகிறார்.

'வெற்றிசிறந்தார்' மட்டும் மூலத்தைவிட மெலிந்துவிட்டது. த்ரியம்பெவோ என்பது வெறுமனே ஜெயித்தல் அல்ல. செனட் சபையின் ஒப்புதலோடு ரோமில் நடந்த வெற்றிப் பவனியை நடத்துதல். கொள்ளைப் பொருள்கள் முன்னே போகும், விலங்கிட்ட கைதிகள் நடப்பார்கள், தளபதி ஊதா உடுத்து ரதத்தில் வருவார். கி.பி. 71-இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியனும் அவர் மகன் தீத்துவும் எருசலேமின் வீழ்ச்சிக்காக நடத்திய பவனியில் கலகத் தலைவர் சீமோன் பார் கியோரா இழுத்துச் செல்லப்பட்டார். கபிதோல் குன்றில் பவனி நின்று, அவர் கொல்லப்பட்ட செய்தி வந்த பிறகே பலி செலுத்தினார்கள். ரோமர் பார்வையில் சிலுவைக்காரன் அந்த வரிசையில் கடைசிக் கைதிக்கும் கீழே. பவுல் அவரை ரதத்தில் ஏற்றுகிறார்.

சரியான தமிழ் எது? கையெழுத்து என்பதை ஓரக்குறிப்பு இல்லாமல் விட்டால் பொருள் போய்விடும். 1995-இல் வந்த திருவிவிலியம் 'கடன் பத்திரம்' என்கிறது. தெளிவானது, ஆனால் இன்று அரசும் நிறுவனங்களும் வெளியிட்டு மக்கள் முதலீடு செய்யும் பத்திரங்களுக்கும் அதே பெயர். இலங்கைத் தமிழில் 'பிணைமுறி' உண்டு, அதுவும் மத்திய வங்கிச் செய்திகளில் சிக்கிக்கொண்டது. 'கடன்முறி' நல்ல பழஞ்சொல். முறி என்பதற்குத் துண்டு என்றும் ஆவணம் என்றும் பொருள் இருப்பதால் தோபித்தின் பிரித்த பத்திரத்துக்கு மிகப் பொருத்தம். பொது வாசிப்புக்குக் 'கடன்சீட்டு' போதும். பழைய வேதாகமமே லூக்கா 16:6-இல் 100 குடம் எண்ணெய் கடன்பட்டவனிடம் "உன் சீட்டை வாங்கி" 50 என்று எழுதச் சொல்கிறது. 'தன் கையால் எழுதிய கடன்சீட்டைத் துடைத்தழித்து' என்றால் எழுதிய கை, ஆவணம், ஈரப் பஞ்சு மூன்றும் வந்துவிடும். 15-க்கு 'வெற்றிப் பவனியில் நடத்திச் சென்றார்'. இதே வினை 2 கொரிந்தியர் 2:14-இல் மறுபடி வருகிறது. அங்கே "எங்களை வெற்றிசிறக்கப்பண்ணி" என்று தமிழ் தருவதால் பவுல் வெற்றிவீரராகத் தெரிகிறார்; கிரேக்க வாக்கிய அமைப்பின்படி அவர் பவனியில் கைதியாக நடத்திச் செல்லப்படுகிறவர்.