ஃபிரான்சைஸ்: பரங்கிக்காய்க்கு உறவான ஒரு சொல்

ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரில் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கப்போகிறான் என் தங்கை மகன். அதாவது, ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி, அதன் பெயரிலும் முறையிலும் தானே கடை நடத்துவது. பணம் போடும் அப்பாவுக்கும் புரியட்டும் என்று திட்ட அறிக்கையைத் தமிழிலேயே எழுத உட்கார்ந்தவன், தலைப்பிலேயே நின்றுவிட்டான். "மாமா, ஃபிரான்சைஸுக்குத் தமிழ்ல என்ன போடுறது?"

அதற்கு முன்னால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஃபிராங்க் என்பது இன்றைய பிரான்சு நாட்டைப் பிடித்து ஆண்ட ஓர் இனத்தின் பெயர். ஆண்டவர்களுக்கு ஏது கட்டுப்பாடு? அதனால் 'ஃபிராங்க்' என்றாலே கட்டற்றவன் என்று பொருளாகி, பழைய பிரெஞ்சில் 'ஃபிரான்சைஸ்' விடுதலையைக் குறித்தது. பிறகு அரசர் தந்த சலுகை, வரிவிலக்கு, வாக்குரிமை என்று நகர்ந்து கடைசியில் கடைத்தெருவுக்கு வந்தது. அதே ஃபிராங்க் அரபு, பாரசீக வாய்களில் ஃபரங்கியாகி நம்மிடம் பரங்கி ஆனது. பரங்கிப்பேட்டையும் பரங்கிக்காயும் ஃபிரான்சைஸுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்!

ஆனால் வாங்குகிறவருக்கு விடுதலை எங்கே? பலகையின் நிறம், டீத்தூள், விலை எல்லாம் நிறுவனம் சொன்னபடிதான். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும்தான் முக்கியத் துணை. ஆகவே ஒப்பந்தத் தாளில் இருப்பதே வேதம்.

சரி, தமிழில்? 'கிளை' என்றால் நிறுவனமே நடத்துவது. 'முகமை' ஏஜென்சி. 'தனியுரிமை' என்றால் பிரைவசி பக்கம் போய்விடும். உரிமை பிறப்பால்கூட வரும். உரிமம் கட்டணத்துக்கும் கெடுவுக்கும் உட்பட்டது. அதனால் என் ஓட்டு 'கிளையுரிமம்' என்ற சொல்லுக்கு.

நிறுவனத்துக்கு மாதாமாதம் விற்பனையிலிருந்து கட்டும் ராயல்டியை 'உரிமத்தொகை' எனலாம். இந்த இடத்தில்தான் பையனின் அப்பா, என் மச்சான், திணறினார். அவர் விசைப்படகு வைத்திருப்பவர். படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். இங்கே மொத்த விற்பனையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். மாதம் 3 லட்சம் விற்று 6 சதவீதம் என்றால் 18,000 ரூபாய். அந்த மாதம் கைக்கு நட்டமானாலும் கொடுத்தாக வேண்டும். "அப்ப இது பங்கு இல்லடா, வரி" என்றார். தப்பில்லை.

அப்புறம் 'திட்டம்'. நம் அடுப்படியில் "உப்பு திட்டமா இருக்கு" என்றால் அளவு சரியாக இருக்கிறது என்று பொருள். திட்ட அறிக்கையும் அப்படி இருக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த மாதிரித் தாளிலோ பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை. எந்த ஊரை நினைத்துப் போட்டார்களோ! மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகுத்துறைப் பக்கம் விடிகாலை டீக்கு ஆள் ஏது? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போகிற வண்டிகள் வரிசை கட்டும். வாடகை மட்டும் எல்லா மாதமும் ஒன்றுதான்.

மச்சான் பேனாவை வாங்கி, மே மாத வரியிலிருந்த 3 லட்சத்தை அடித்து 1 லட்சம் என்று எழுதினார். பையன் முகம் சுருங்கியது. "கம்பெனிக்காரன் கேட்டா?" என்றான்.

"கரையில வந்து பாக்கச் சொல்லு."