சோளகக் காலமும் லப்டொப் விசிறியும்

கிளிநொச்சியில் கணினி திருத்துகிறேன். சோளகம் தொடங்கிவிட்டால் என் மேசையில் லப்டொப் குவியும். கிரவல் வீதிப் புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற காற்று நேரே வீட்டுக்குள்தான் கொட்டும், யன்னலைச் சாத்தினால் தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஏலாது, அதனால் எல்லாரும் திறந்துதான் வைத்திருப்பார்கள்.

போன கிழமை விசுவமடுப் பக்கமிருந்து உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி தகப்பனோடு வந்திருந்தார். "அண்ணை, ஃபான் இரைச்சல் தாங்கேலாமல் ஒரு சொஃப்ட்வெயார் போட்டுக் குறைச்சன். இப்ப சத்தமில்லை, ஆனா வகுப்பு நடக்கேக்க அப்பிடியே இறுகி நிக்குது." புதுசு எடுக்க வேணுமோ என்று தகப்பன் கேட்டார், முகத்தில் கவலை.

சூட்டை அளந்தேன். பிரவுசர் மட்டும் திறந்திருக்க 97 பாகை! லப்டொப் புரோசசர்கள் பலவற்றுக்கு 100 பாகை அளவில்தான் எல்லை. அதை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் பட்டென்று அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்து வின்டோஸைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் எத்தனை பேர்.

கீழ்மூடியைக் கழற்றினால் விசிறி இறக்கையில் மெல்லிய சிவப்புத் தூசு, அவ்வளவுதான். பலர் இதைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடைப்பு இருப்பது அதற்கு அடுத்த இடத்தில்: செப்புக் குழாய் கொண்டுவருகிற சூட்டை வெளியே விடுகிற நெருக்கமான தகட்டு வரிசைக்கும் விசிறிக்கும் இடையில். விசிறியைக் கழற்றினேன். புழுதி, தலைமயிர், துணி நூல் எல்லாம் திரண்டு, சாமணத்தால் பிடித்து இழுக்க ஒரே துண்டாக வந்தது, சின்னவிரல் நீளத்துக்குக் கம்பளி மாதிரி. புரோசசரிலிருந்து சூட்டைக் கடத்துவதற்குப் பூசுகிற தேர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதையும் மாற்றினேன். அதே வேலைக்கு 64 பாகை, சத்தமும் அடங்கிவிட்டது. புதுசு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே விசிறி வேகத்தில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து. குறைத்தால் சூடு உள்ளே நிற்கும், பற்றரியும் கெடும். எந்நேரமும் முழு வேகத்தில் விட்டால் இன்னும் கூடப் புழுதியை உறிஞ்சும். அதைத் தானியங்கியாகவே விடுங்கள். அறை 25 பாகையில் இருப்பதற்கும் 35இல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்படியே உள்ளேயும் ஏறும், எனவே மத்தியானத்தில் கொஞ்சம் இரைவது இயல்புதான். விடிய எழும்பி, ஒன்றும் திறக்காமலே இரைந்தால் அது அநேகமாகப் புழுதிதான். மத்தியானச் சூட்டுக்கு, வின்டோஸ் பவர் அமைப்பில் புரோசசரின் உச்ச அளவை (Maximum processor state) 99 வீதமாக்கிப் பாருங்கள். டர்போ, அதாவது புரோசசர் இடைக்கிடை தானாகக் கூட்டிக்கொள்ளும் மேலதிக வேகம், நின்று சூடு நன்றாகவே இறங்கும், படிக்கிற எழுதுகிற வேலைக்கு வித்தியாசமே தெரியாது. மெத்தையில் வைக்காமல் பலகையில் வையுங்கள், பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு போத்தல் மூடி வைத்தால் அடியில் காற்றுப் போகும்.

டயர்க் கடைக் காற்று மட்டும் வேண்டாம். அதில் தண்ணியும் எண்ணெயும் கலந்து வரும், விசிறி தறிகெட்டுச் சுற்றி பெயரிங்கும் போகும். வீட்டில் ஊதுவதானால் அணைத்து, பற்றரி வயரைக் கழற்றி, ஈர்க்கால் இறக்கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். மூடியைத் திறக்கும்போது பற்றரி பொருமியிருந்தால் அதைத் தொடாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள், நெம்பினால் தீப்பிடிக்கக்கூடும்.

வருசத்துக்கு ஒருக்கால் துப்புரவாக்கினால் போதும், சோளகம் ஓய்ந்து மாரி தொடங்க முதல். கிரவல் வீதியோரம் இருப்பவர்கள் ஆனியிலும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.