பிளானில் வெளிச்சம், முகத்தில் இருட்டு

ஹற்றன் பக்கத்தில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கும் ஒரு பிள்ளையின் கேள்வி: “சேர், மூன்று தட்டில் மேடை போட்டோம். அடியில் தொழிலாளர் குடியிருக்கும் லயம், நடுவில் தேயிலை மலை, மேலே துரை பங்களா. லைட் பிளானில் எல்லாரும் வட்டத்துக்குள்தான் நின்றார்கள். போட்டுப் பார்த்தால் துரைக்கு நெஞ்சு வரைதான் வெளிச்சம், முகமே தெரியவில்லை. பல்பு காணாதா?”

பல்பு தாராளமாகக் காணும் மகள். கோளாறு தாளில்.

பிளான் என்பது கூரையிலிருந்து நேரே கீழே பார்த்து வரைவது. அப்படிப் பார்த்தால் தரையில் நிற்கும் கொழுந்துக்காரியும் 2 மீற்றர் உயரத்தில் நிற்கும் துரையும் ஒரே மட்டம். நம் மலைகளுக்கும் இதே கதிதான். நில அளவைப் படம் சரிவைப் படுக்கவைத்துத்தான் பரப்புச் சொல்லும். 30 பாகைச் சரிவில், படத்தில் ஒரு ஹெக்டேயர் என்றால் கால் மிதிக்கும் நிலம் ஏறக்குறைய 1.15 ஹெக்டேயர். அந்த மிச்சத்தைக் கூடையோடு ஏறி இறங்கும் முழங்காலுக்கு யாரும் பேர் போடுவதில்லை.

விளக்குக்கு வருவோம். முகத்துக்கு 45 பாகையில் ஒளி விழுந்தால் கண்ணும் மூக்கும் நன்றாகத் தெரியும் என்பது பழைய பாடம். யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி மெக்கண்ட்லஸ் 1932இல் எழுதிவைத்த முறையும் இதை ஒட்டியதே. விளக்கு 6 மீற்றர் உயரத்தில் தொங்குகிறது, தரையில் நிற்பவரின் கண் 1.6 மீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். இறக்கம் 4.4 மீற்றர். 45 பாகை என்றால் கிடைத்தூரமும் 4.4. பைதகரஸ் மீதியைச் சொல்வார்: ஒளி ஓடும் தூரம் 6.2 மீற்றர். 26 பாகை விரியும் விளக்கானால் அங்கே வட்டத்தின் விட்டம் சுமார் 2.9 மீற்றர். பிளானில் நீங்கள் போட்ட வட்டம் இதுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். ஒளிக்கூம்பு சாய்ந்து வருகிறது இல்லையா? அதன் நடுக்கோட்டை உயரத்தில் பிடிக்கப் பிடிக்க, வட்டம் விளக்கின் பக்கமாக நடந்துபோகும். 45 பாகையில் கணக்கு வெகு அழகு: மேடையை ஒரு மீற்றர் உயர்த்தினால் வட்டமும் சரியாக ஒரு மீற்றர் முன்னே போகும். உங்கள் துரை 2 மீற்றர் உயர்ந்தார். அவருடைய வட்டம் 2 மீற்றர் முன்னால், ஆளில்லாத வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் கூம்பின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.25 மீற்றர்தான். தட்டின் 2 மீற்றரைக் கழியுங்கள்: 1.25. நெஞ்சு!

அந்த வட்டத்தைத் தேடி அவர் முன்னே வந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டார். அங்கே ஒளி ஓடும் தூரம் 3.4 மீற்றர். வட்டம் 1.6 மீற்றராகச் சுருங்கிவிடும், வெளிச்சமோ மூன்று மடங்குக்கு மேல். லயத்து ஆட்கள் அளவான ஒளியில் நிற்க, துரை மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி நிற்பார். (நாடகத்துக்கு அது பொருத்தம்தான் என்று நினைத்தால் என்னிடம் கேட்காதீர்கள்.) விளக்கை அப்படியே நிமிர்த்தினால்? கோணம் 29 பாகைக்கு இறங்கும். முகம் தட்டையாகும், நிழல் பின்திரையில் ஏறி நிற்கும்.

ஆகவே தட்டுக்கு ஒரு விளக்கு, பிளானோடு கட்டாயம் ஒரு குறுக்குவெட்டுப் படம். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த அந்தப் படத்தில்தான் உயரம் இருக்கிறது. தரையில் அல்ல, கண் மட்டத்தில் கோடு கீறி அதிலே வட்டத்தை அளவுங்கள்.

ஒத்திகையில் பல்பு வெடித்ததும் தேசிக்காய் வெட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். ஹலஜன் பல்பை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய் படிந்த இடம் சூட்டில் பழுதாகி வெடிக்கக்கூடும். துணியால் பிடித்து மாட்டுங்கள், தேசிக்காயைப் பிழிந்து குடியுங்கள். ஒளியமைப்பைப் பாடத்தில் வைத்துவிட்டு, தொட்டுப் பழக ஒரு விளக்குக்கூடக் கொடுக்காமல் பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான் கண்ணூறு கழிக்க வேண்டும்.

விளக்கு கிடைக்கும்வரை நூல் போதும். விளக்கு தொங்கவேண்டிய கம்பத்தில் நூலின் ஒரு நுனி, நடிகரின் புருவத்தில் மறுநுனி. பாகைமானியை வைத்துப் பாருங்கள். விளக்கு வந்த பிறகு, பின்னேரம் மூடுபனி இறங்கும்போது மண்டபத்தின் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். நீர்த்துளிகளில் ஒளி சிதறி, கூம்பு முழுதாகத் தெரியும். துரையின் தலை அதற்கு உள்ளேயா வெளியேயா என்று கடைசி வாங்கிலிருந்தே சொல்லிவிடலாம்.